ஹூட்டர் போர்டுக்கு எங்கிருந்து சப்ளை எடுப்பது

இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "மேடம், ஒரு சர்க்யூட் போர்டு பண்ணியிருக்கோம். ஃபீல்டுல மாட்டணும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் சப்ளை போடலாம்?"

வோல்ட்டும் ஆம்பியரும் புத்தகத்தில் இருக்கின்றன. என்னைவிட நீங்கள் வேகமாகக் கணக்குப் போடுவீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றை வேண்டுமானால் நான் சொல்லலாம். அதற்கு நெய்வேலியில் நாங்கள் செய்த ஹூட்டர் போர்டின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் போர்டை வடிவமைக்க எங்களுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு எங்கிருந்து மின்சாரம் கொடுப்பது என்று முடிவு செய்வதற்குள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டன.

எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. நாகர்கோவிலிலிருந்து வந்து எலக்ட்ரானிக்ஸ் லேபில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன எனக்கு. என் தமிழைக் கேட்டுச் சிரிப்பதை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சுரங்கத்தில் பெண்கள் பொழுது சாய்ந்த பிறகு இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே என் உத்தியோகத்தில் வந்த இக்கட்டுகள் எல்லாம் நல்ல பகல் வெளிச்சத்தில், நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போதுதான் வந்தன.

சுரங்கத்தில் வெட்டிய லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரி ரப்பர் பெல்ட்டில்தான் பவர் ஹவுஸுக்குப் போகும். ஒரு ஆள் படுத்தால் கைகால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். ஒரு முனையில் நின்றால் மறுமுனை கானலில் கரைந்து தெரியாது, அவ்வளவு நீளம். பெல்ட் நிற்கும்போதெல்லாம் காண்ட்ராக்ட் ஆட்கள் மேலே ஏறி, ஒட்டிக்கொண்ட களிமண்ணைச் சுரண்டுவார்கள். ஏறக் கூடாது என்று அறிவிப்புப் பலகை இருந்தது. அந்தப் பலகையின் நிழலில்தான் அவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார்கள்.

பெல்ட்டை ஓட்டும் முன் ஆபரேட்டர் ஒரு பட்டனை அமுக்கி ஹூட்டர் என்ற எச்சரிக்கைச் சங்கை அடிக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரத்தில் முதல் பட்டன் மறந்துபோகும். அப்படி மறந்த ஒரு நாளில் ஒரு தொழிலாளி மயிரிழையில் தப்பினார். உடனே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனி ஹூட்டர் அடிப்பது மனிதர் கையில் இருக்கக் கூடாது. ஸ்டார்ட் சுவிட்சைத் திருப்பினால் முதலில் ஹூட்டர் தானாக அடிக்க வேண்டும், அது அடித்து முடித்த பிறகே மோட்டாருக்கு அனுமதி கிடைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேரமில்லை, லேபிலேயே செய்யுங்கள் என்றார்கள்.

செய்தோம். நானும் ஆரோக்கியசாமியும். ஆரோக்கியசாமி கடலூர் முதுநகர்க்காரர், எங்கள் லேபின் டெக்னீஷியன். சால்டரிங் செய்யும்போது மாதா கோயில் பாட்டு முணுமுணுப்பார். பாட்டு நின்றால் எங்கோ ஷார்ட் என்று அர்த்தம். போர்டைப் பெல்ட்டின் டிரைவ் ஹவுஸில், மோட்டார்களுக்குப் பக்கத்தில், ஒரு இரும்புப் பெட்டிக்குள் ரப்பர் வைத்து முடுக்க வேண்டும் என்பதுவரை எல்லாம் முடிவாகிவிட்டது. பாக்கி இருந்தது சப்ளை ஒன்றுதான்.

எங்கள் மேனேஜர் கும்பகோணத்துக்காரர், நிதானமானவர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் "சிம்பிளா இருக்கணும்மா" என்பார்.

"டிரைவ் ஹவுஸ்ல லைட் எரியறது, ஃபேன் ஓடறது. பக்கத்துலயே ப்ளக் பாயிண்ட் இருக்கு. குத்தினா ஆச்சு. சிம்பிளா இருக்கணும்மா" என்றார்.

"பக்கத்துலயே பெரிய மோட்டார் இருக்கே சார். அது கிளம்பும்போது லைட்டே மங்குமே."

"மங்கினா என்ன, உடனே வந்துடறதே. நாம என்ன புஸ்தகமா படிக்கப் போறோம்?"

லேபில் அந்தப் போர்டு ஒரு வாரம் ஓடியது. ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் லேபில் வரும் மின்சாரம் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி. குரலே எழாது. அதே மாப்பிள்ளையின் சுபாவம் தெரிய வேண்டுமென்றால் அவர் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். டிரைவ் ஹவுஸ் அவர் வீடு.

முதல் ஓட்டத்துக்கு உற்பத்திப் பிரிவின் சூப்பிரண்டெண்டை அழைத்திருந்தோம். மதுரைப் பக்கத்துக்காரர். பெல்ட் நின்றால் அவருக்கு மூச்சு நின்ற மாதிரி. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, ஆரோக்கியசாமி தன் பங்குக்கு ஒரு சிலுவையும் போட்டுக்கொண்ட பிறகு, ஆபரேட்டர் சுவிட்சைத் திருப்பினார்.

பெல்ட் நெடுகிலும் ஹூட்டர்கள் ஊளையிட்டன. சொன்னபடி நின்றன. மேனேஜர் முகத்தில் வெளிச்சம். மோட்டார்கள் உறுமின. பெல்ட் அசைந்தது. அறையின் விளக்குகள் ஒரு கணம் மங்கின.

அந்த ஒரு கணத்தில் போர்டுக்கு எல்லாம் மறந்துபோனது. அதன் ஐ.சி. சில்லுகளுக்கு வேண்டியது ஐந்து வோல்ட். அதில் ஒரு துளி குறைந்தாலும் அவை புதிதாய்ப் பிறந்த குழந்தை ஆகிவிடும். மோட்டாருக்கு அனுமதி கொடுத்ததும் மறந்தது, ஹூட்டர் அடித்ததும் மறந்தது. அனுமதி போனதால் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றதும் மின்சாரம் சரியானது. போர்டு கண்விழித்துப் பார்த்தது. சுவிட்ச் திருப்பிய நிலையிலேயே நிற்கும் வகை. 'ஓகோ, பெல்ட்டை ஓட்டச் சொல்கிறார்கள்' என்று புரிந்துகொண்டு, கடமை தவறாமல் முதலிலிருந்து ஹூட்டர் அடித்தது. பிறகு மோட்டார். பிறகு மங்கல். பிறகு மறதி. பிறகு ஹூட்டர்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. மேனேஜர் "செட்டில் ஆயிடும்மா, செட்டில் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் பெல்ட் கொஞ்சம் நகர்ந்து நின்றது. சூப்பிரண்டெண்ட் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது, ஒரு முழம் போகுது, நிக்குது. மறுபடி ஒரு முழம். லிக்னைட்டை முழம் போட்டு அளக்கறதுன்னா பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மாகிட்ட குடுத்திருப்பேனே."

நான் ப்ளக்கைப் பிடுங்கப் போவதற்குள் வெளியே மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்து நின்றது. நிற்காமல் அடிக்கும் ஹூட்டர் என்றால் அவர்களுக்கு விபத்து என்று அர்த்தம். அதன் பின்னாலேயே ஆம்புலன்ஸ். குழாயை உருட்டிக்கொண்டு இறங்கியவர் மேனேஜரைப் பார்த்து, "எங்க சார் எரியுது?" என்றார்.

"எங்கயும் எரியலைப்பா. மெமரி போயிடறது" என்றார் மேனேஜர்.

அவர் மேனேஜரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ஆம்புலன்ஸ்காரரிடம், "உங்க கேஸுதான்யா" என்றார்.

ப்ளக்கைப் பிடுங்கினேன். ஹூட்டர் அடங்கியது. சுரங்கத்தின் விளிம்பை ஒட்டிய ஊரிலிருந்து சைக்கிளில் மூச்சுவாங்க வந்து சேர்ந்த ஒருவர் வேலிக்கு வெளியே நின்று, "யாருனா உள்ள மாட்டிக்கினாங்களாங்க? எங்க மச்சான் இங்கதான் காண்ட்ராக்ட்ல வேலை செஞ்சிகினு இருக்கான்" என்று கேட்டார். யாரும் மாட்டவில்லை என்று ஆரோக்கியசாமி சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன். அன்று நடந்ததில் எனக்குச் சிரிப்பு வராத ஒரே இடம் அதுதான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஒரு சப்ளை எப்படி இருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கும்போது, அதே கம்பியில் வேறு யாரெல்லாம் சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள். பெரிய பசிக்காரன் பந்தியில் உட்காரும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள்.

அடுத்த வாரம் என் யோசனை ஏறியது. பேட்டரி. லாரிக்குப் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று, அதை நிரப்பிக்கொண்டே இருக்க ஒரு சார்ஜர். மோட்டார் எவ்வளவு விழுங்கினாலும் பேட்டரிக்குள் கையை விட முடியாது. மேனேஜர் கொஞ்சம் யோசித்து, "இதுவும் சிம்பிள்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

ஸ்டோர்ஸில் இருந்த குமாஸ்தா, "எந்த வண்டிக்குங்க?" என்றார்.

"வண்டிக்கு இல்லை. ஒரு போர்டுக்கு."

"போர்டு ஓடுமா?"

"ஓடாது. செவுத்துல மாட்டி வைக்கிறது."

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க பேட்டரி?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பேட்டரியை வண்டி நம்பருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் போர்டின் படத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதை மரியாதையோடு பார்த்துவிட்டு, "நம்பர் ப்ளேட் எந்தப் பக்கம் வருதுங்க?" என்றார். கடைசியில் மேனேஜர் சூப்பிரண்டெண்டிடம் பேசி, அவருடைய ஜீப்பின் நம்பரைக் கொடுத்து பேட்டரியை வாங்கினார். அந்த ஜீப்புக்கும் எங்கள் போர்டுக்கும் அப்படி ஒரு சொந்தம் உண்டானது. அப்போது அது எங்களுக்கு வெறும் சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது.

பேட்டரியை மரப்பெட்டியில் வைத்து டிரைவ் ஹவுஸில் வைத்தோம். ஆரோக்கியசாமி அதன் உடம்பில் சிவப்புப் பெயிண்டில் 'தொடாதே' என்று எழுதினார். சுவிட்சைத் திருப்பினால் ஹூட்டர் அடித்தது, மோட்டார் உறுமியது, விளக்கு மங்கியது, பெல்ட் பாட்டுக்கு ஓடியது. அந்த வருட மழைக்காலம் முழுக்க, காற்றும் மழையும் அடித்து டவுன்ஷிப் ப்ளாக்குகளில் மரம் சாய்ந்த நாட்களில்கூட, போர்டு ஒருமுறையும் மறக்கவில்லை. கேன்டீனில் நான் போனால் 'பேட்டரி மேடம்' என்று இடம் விடுவார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், காலை டீ வரும் நேரத்தில் லேபுக்குப் போன் வந்தது. பெல்ட் ஸ்டார்ட் ஆகவில்லை. ஹூட்டரும் அடிக்கவில்லை. போர்டு செத்துக் கிடக்கிறது.

நானும் ஆரோக்கியசாமியும் ஓடினோம். இரும்புப் பெட்டியைத் திறந்தேன். போர்டில் ஒரு குறையும் இல்லை. ஆரோக்கியசாமி கீழே மரப்பெட்டியைத் திறந்தார். அவர் பாட்டு நின்றது.

பேட்டரி இல்லை. அது இருந்த இடத்தில் ஆசிட் கறை சதுரமாகத் தெரிந்தது. இரண்டு வயர் முனைகளும் ஒன்றோடொன்று தொடாமல் கறுப்பு டேப் சுற்றி அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"திருடன் நல்லா வேலை தெரிஞ்சவன் மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. "நம்ம ஆளுங்ககூட இவ்ளோ சுத்தமா டேப் சுத்த மாட்டாங்க."

"சார்ஜரை நேரா போர்டுக்குக் குடுத்தா?" என்று கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சார்ஜர் அதே ப்ளக்கில்தான் இருந்தது. பழைய ஊளையும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வரும்.

அதற்குள் டிரைவ் ஹவுஸ் போன் அடித்தது. சூப்பிரண்டெண்ட்.

"என்னம்மா, எப்ப ஓடும்?"

"பேட்டரி காணோம் சார். வேற ஒண்ணு கொண்டு வரணும்."

"பவர் ஹவுஸ்ல லிக்னைட் கொட்டி வைக்கிற பங்கர் காலியாயிட்டு இருக்கு. யூனிட் நின்னுச்சுன்னா யார் பதில் சொல்றது? அந்தப் போர்டை விட்டுத் தள்ளு. ரெண்டு வயரை முறுக்கி நேரா மோட்டாருக்குக் குடு. அஞ்சு நிமிஷ வேலை."

அவர் சொன்னது சரி. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. போர்டு மோட்டாருக்கு அனுமதி கொடுப்பது ரிலே என்ற ஒரு சின்ன தானியங்கி சுவிட்ச் வழியாக. அதன் இரண்டு திருகுக்கு நடுவே ஒரு சாண் வயர் போட்டால் போதும். பெல்ட் ஓடும். ஹூட்டர் இல்லாமல் ஓடும். என் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஆபரேட்டர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளே, உங்களுக்கும் இந்த ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கும் நாள் வரும். அன்று எல்லா நியாயமும் அந்தப் பக்கம்தான் இருக்கும். பங்கர் காலியாவது நிஜம். யூனிட் நின்றால் ஊருக்கெல்லாம் கரண்ட் போவது நிஜம். பெல்ட்டின் மேல் ஆள் இருப்பது மட்டும் 'ஒருவேளை'. நிஜத்துக்கும் ஒருவேளைக்கும் சண்டை வந்தால் ஒருவேளைதான் எப்போதும் தோற்கும். யாராவது அதன் பக்கம் நின்றால்தான் உண்டு.

"பெல்ட் மேல ஆள் இல்லைன்னு யார் சார் சொல்றது?" என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்."

"உங்க ஆபீஸ்ல இருந்து பெல்ட் தெரியாதே சார்."

"அங்கயே இரு. வர்றேன்" என்றார்.

ஆரோக்கியசாமி எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். அவரு வர்றதுக்கு நேரம் ஆவும். அந்த ஜீப்பைத் தள்ளாம கெளப்ப முடியாது."

அது உண்மை. சூப்பிரண்டெண்டின் ஜீப் டவுன்ஷிப் முழுக்கப் பிரசித்தம். தினமும் காலையில் அவர் குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு பேர் தள்ளுவார்கள். ஐந்தாவது ஆளாக அவரே தள்ளிய நாட்களும் உண்டு என்பார்கள். ஆனால் நான் உட்காரும் முன்பே ஜீப் தூசி கிளப்பிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

அவர் இறங்கி வந்து என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைவிட மோசமாக, உதாரணம் காட்ட ஆரம்பித்தார்.

"இந்தா பாரும்மா. அந்த ஜீப்பு நான் இங்க வர்றதுக்கு முன்னாலயே வந்தது. துருப்பிடிச்ச வண்டி. இன்னைக்குக் காலையில சாவியத் திருப்புனா ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது. இத்தனைக்கும் அது யாரும் படிச்சு டிசைன் பண்ணது இல்லை. உங்க போர்டு புத்தம் புதுசு. ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஏன்? பராமரிப்பு. என் டிரைவர் கலியமூர்த்தி அந்த வண்டியைக் குழந்தை மாதிரி பாத்துக்கறான். அவன்கிட்ட போய்க் கத்துக்கங்க."

நானும் ஆரோக்கியசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கத்துக்கறோம் சார்" என்றேன்.

வெளியே போனோம். கலியமூர்த்தி பானெட்டின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள், எதற்கும் பதறாதவர்.

"கலியமூர்த்தி, பானெட்டைக் கொஞ்சம் தொறங்க."

"வேணாங்க மேடம். இஞ்சின் சூடா இருக்குது."

"பரவாயில்லை."

"கை சுட்டுடுங்க."

சூப்பிரண்டெண்ட் பின்னாலேயே வந்துவிட்டார். "தொற கலியமூர்த்தி. வண்டியை எப்படி வச்சிருக்கன்னு பாக்கட்டும்."

கலியமூர்த்தி மெதுவாக, மிக மெதுவாகத் திறந்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில் எங்கள் பேட்டரி உட்கார்ந்திருந்தது. 'தொடாதே' என்ற சிவப்பு எழுத்துகள் எங்கள் பக்கமாகத் திரும்பியிருந்தன.

முதலில் பேசியது கலியமூர்த்திதான்.

"திருடலைங்க. ஸ்டோர்ஸ்ல எங்க வண்டி நம்பர்லதாங்க இது இருக்குது. எங்க வண்டி சாமானை எங்க வண்டியில மாட்டிகினேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தெனம் காலைல ஐயா வூட்டாண்ட வண்டியைத் தள்ளிகினு இருக்கறோம். புள்ளைங்க எல்லாம் ஸ்கூல் பஸ்ஸுல இருந்து எட்டிப் பாத்து சிரிக்குதுங்க. ஐயாவுக்கு எவ்ளோ கேவலம். அதான். சாயங்காலம் திரும்ப வச்சிடலாம்னு டேப் எல்லாம் சுத்தி பத்திரமாத்தான் வச்சிட்டு வந்தேன்."

சூப்பிரண்டெண்ட் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆரோக்கியசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"கழட்டு" என்றார் சூப்பிரண்டெண்ட்.

கலியமூர்த்தியே கழற்றி, சுமந்து வந்து, மரப்பெட்டியில் வைத்தார். பேட்டரி போனதும் ஜீப் வெறும் தகரமாக நின்றது. அதன் பழைய பேட்டரியைக் கலியமூர்த்தி ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். சூப்பிரண்டெண்ட் கடிகாரத்தைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"அந்தக் கோடியில பெல்ட் மாறுற டிரான்ஸ்ஃபர் ஹவுஸ்ல ஏதாவது வண்டி இருக்கும். பெல்ட் ஓரமா நடந்தே போறேன். நீங்க வேலையைப் பாருங்க."

பெல்ட்டை ஒட்டிய நடைபாதையில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். கனமான உடம்பு. கொஞ்சம் தூரம் போனதும் கானலில் அவர் உருவம் நெளிந்து, பிறகு மறைந்தது. நான் இணைப்புகளைக் கொடுத்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு ஆபரேட்டரிடம் தலையசைத்தேன். சுவிட்சைத் திருப்பினார். ஹூட்டர் அடித்தது. நின்றது. பெல்ட் ஓடியது. சற்று நேரத்தில் லிக்னைட் கறுப்பாக வழிந்து வர ஆரம்பித்தது.

லேபுக்குத் திரும்பியதும் எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சூப்பிரண்டெண்டை வெயிலில் நடக்க விட்டவர்கள் நாங்கள். மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாற்றல் வந்தால் எங்கே வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் வேறு எதையோ யோசித்திருக்கிறார்.

"பேட்டரி வேண்டாம்மா" என்றார். "பேட்டரிங்கறது எல்லாருக்கும் உபயோகப்படற வஸ்து. ஒரு ஸ்டெபிலைசர் வைக்கலாமா? வோல்ட்டேஜ் மங்கினாலும் அது சமாளிச்சுக் குடுத்துடும்."

"ஸ்டெபிலைசரா சார்?" என்றார் ஆரோக்கியசாமி. "வூட்ல டிவி வாங்கலாம்னு இருக்கேன். அதை அங்க வச்சா நானே எடுத்துகினு போயிடுவேன்."

மேனேஜர் சிரிக்காமல் அதை ஒரு தொழில்நுட்பக் குறையாக ஏற்றுக்கொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். யாருக்கும் வேறு எதற்கும் உதவாத சப்ளை எது? பெல்ட்டின் கன்ட்ரோல் சர்க்யூட்டில் நூற்றுப் பத்து வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஆகாத வோல்ட், வண்டிக்கும் ஆகாது. அதிலிருந்து எடுத்து, மங்கலைத் தாங்குகிற ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மரை அந்த வோல்ட்டுக்கென்றே செய்யச் சொல்லி, போர்டு இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே முடுக்கிவிடலாம். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. கன்ட்ரோல் சப்ளை போனால் பெல்ட்டும் நின்றுவிடும். போர்டு தனியாகச் சாகாது. அது செத்தால் மோட்டாரும் நின்றிருக்கும். பெல்ட்டோடு சேர்ந்து வாழ்ந்து பெல்ட்டோடு சேர்ந்து படுக்கும். அப்புறம் யாரும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் வர மாட்டார்கள். வந்தும் பயனில்லை.

புத்தகத்தில் இல்லை என்றேனே, அது இதுதான். ஒரு சப்ளை எவ்வளவு கொடுக்கும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அது போகும்போது என்ன ஆகும், யார் கையில் போகும், போன பிறகு அவசரத்தில் இருக்கிற ஒரு நல்ல மனிதர் என்ன செய்யத் தூண்டப்படுவார் என்றும் கேளுங்கள். சூப்பிரண்டெண்ட் நல்ல மனிதர்தான். கலியமூர்த்தியும் நல்ல மனிதர்தான்.

மறுநாள் காலை எங்களைச் சூப்பிரண்டெண்ட் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் புதிய சப்ளையின் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்பதா, விளக்கம் சொல்வதா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டு போனேன். சூப்பிரண்டெண்டின் முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. படத்தை விரித்ததும் ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு, "செய்ங்க" என்றார். அவ்வளவுதானா என்று நாங்கள் எழுந்தோம்.

"உக்காரும்மா" என்றார். "ஹூட்டர் அடிச்சதுக்கும் பெல்ட் ஓடறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் வச்சிருக்கீங்க?"

நேரம் வீணாகிறது என்று குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஆரோக்கியமான ஒரு ஆள் இறங்கறதுக்கு ஆகற நேரம் சார். ஏணியில நானே இறங்கிப் பாத்து வச்சது."

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"நேத்து நான் பாதி தூரம் போயிருப்பேன். பெல்ட் மேல ஒரு ஆள் உக்காந்திருந்தார். களிமண்ணு சுரண்டற ஆள். வயசானவர். தூக்குல கூழு வச்சுக் குடிச்சிட்டு இருந்தார். அப்பதான் நீங்க ஹூட்டர் அடிச்சீங்க."

மேனேஜர் சுருட்டிய படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எந்திரிச்சார். இறங்க வேண்டிய இடத்துக்கு வந்தார். ஒரு காலைக் கீழ வச்சுட்டார். இன்னொரு காலு மடங்க மாட்டேங்குது. நான் ஓடிப் போய்ப் பிடிச்சேன். ரெண்டு பேரும் கீழ விழுந்தோம். அதுக்கப்புறம்தான் பெல்ட் நகர்ந்துச்சு."

அவர் வலது முழங்கையில் புதிதாகக் கட்டுப் போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இறங்கிட்டார் சார்" என்றேன்.

"நான் அங்க இருந்ததால இறங்கினார்." கட்டைத் தடவிக்கொண்டார். "நீங்க வச்ச கணக்கு சரியான கணக்குத்தான். ஆனா அவருக்கு முழங்கால் வலி."

"நேரத்தைக் கூட்டிடறேன் சார். ஒரு ரெசிஸ்டரை மாத்தினா போதும். ஆனா ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் உங்களுக்கு உற்பத்தியில அந்த நேரம் போகும். எவ்வளவு கூட்டட்டும்?"

பெல்ட் நின்றால் மூச்சு நின்ற மாதிரி ஆகிற அந்த மனிதர், பேப்பர் வெயிட்டை அதன் இடத்தில் வைத்தார்.

"அவர் மெதுவா இறங்கட்டும்" என்றார்.